உழைத்தவர் யார்? உரிமை யாருக்கு?

சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அதே சேற்றில் பலகை ஒன்றைப் போட்டு நடந்தால் புதைவதில்லை. சிறுவனும் அறிந்த செய்தி இது! ஆனால், இந்தச் சிறு செய்தியைச் சிந்தித்துப் பார்த்தவர்கள், காடு திருத்திக் கழனியாக்கும் வேலையையே மாற்றிவிட்டனர். எடை குறையவில்லை, எடையைத் தாங்கும் பரப்புதான் விரிந்தது. தவமிருந்து பெற்ற வரமன்று அது. தன்னறிவால் மனிதன் கண்ட வழி!

அந்தக் கதை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டாக்டன் நகரையடுத்த ஆற்றிடைத் தீவுகளில் நடந்தது. கோரை மண்டி மக்கிய மண்; கறுத்த, கொழுத்த மண்; ஆனால் காலை விழுங்கும் மண். குதிரைகளின் குளம்புகளுக்கு அகன்ற காலணி மாட்டி உழுதனர். நீராவி டிராக்டர் வந்தபோது, அது புதையாதிருக்கச் சக்கரங்களை அகலமாக்கினர். ஒரு வண்டியின் மொத்த அகலம் 40 அடியையும் தாண்டியது! பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், பின் சக்கரங்களையே கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பதித்த சங்கிலித் தடத்தைப் பூட்டினார். 1904 நவம்பர் 24ஆம் நாள், ராபர்ட்ஸ் தீவில் அவ்வண்டி புதையாமல் ஊர்ந்தது. கம்பளிப்புழுப் போல் ஊர்கிறதென்று நிழற்படக்காரர் ஒருவர் சொல்ல, 'கேட்டர்பில்லர்' என்ற பெயரே நிலைத்தது. ஹோல்ட் ஒருவரே மூலவர் என்றும் எண்ணற்க. மெயின் மாநிலத்து லொம்பார்டு, மரம் இழுக்கும் சங்கிலி வண்டிக்கு 1901லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஒருவர் தொடங்குவார், மற்றொருவர் திருத்துவார். அறிவியல் வளரும் வழி அதுதான்.

பெரும்பண்ணைக்கு வந்த பொறி, சிறு தோட்டத்துக்கும் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில், பழத்தோட்டச் சரிவுகளில் சக்கர டிராக்டர் வழுக்கிற்று. அவ்வூர் லிண்டமன் சகோதரர்கள், ஜான் டியர் நிறுவனத்தின் சிறு டிராக்டருக்குச் சங்கிலித் தடம் பூட்டினர். அதன் வழியிலேயே, 1949இல் அந்நிறுவனம் 'எம்.சி.' என்னும் சிறிய சங்கிலி டிராக்டரை வெளியிட்டது. மில்வாக்கி நகரத்து டிராக்சன் நிறுவனம், சங்கிலி டிராக்டரின் முன்னே வாளியைப் பொருத்தித் தந்தது. 1951இல் அதனைக் கேட்டர்பில்லர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. தோண்ட, அள்ள, சுமக்க ஒரே வண்டி!

அதன் வேலையைப் பாருங்கள். முட்டி மோதி மரத்தைச் சாய்ப்பதன்று முறை. முதலில், வாளியின் பற்களால் மரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்துப் பக்க வேர்களை அறுப்பர். பின்னர், வாளியை உயர்த்தி அடிமரத்தின் மேற்பகுதியைத் தள்ளுவர். நெம்புகோலின் நீளம் கூடக்கூடத் தேவையான வலு குறையும் அன்றோ? மரத்தை முன்பே அடியோடு வெட்டிவிட்டால் அந்த நெம்புகோல் போய்விடும்; வெறுங்கட்டையோடு போராட வேண்டும். சாய்ந்த மரத்தின் வேரை உதறி, மேல்மண்ணை நிலத்திலேயே விடுவர். பயிரை வளர்ப்பது அம்மண்ணே. சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குவர். சுமையேறிய வாளியைத் தாழ்த்தியே வைப்பர். ஈரமண்ணில் சட்டெனத் திருப்பினால் தடம் நிலத்தைக் கிழித்துவிடும். கோடரியும் கடப்பாரையுமாய்ப் பலர் முதுகொடியச் செய்த வேலை, ஒருவர் அமர்ந்து செய்யும் வேலையாயிற்று.

மகிழ்கிறோம். ஆனால், ஒரு கேள்வி. அந்த ஆற்றிடைத் தீவுகளுக்குக் கரை எழுப்பி, சதுப்பை வயலாக்கியவர் யார்? 1860களிலும் 1870களிலும், மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு, நீரில் நின்று கரை கட்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். கிடைத்த கைம்மாறு? 1882இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரக்கூடாதென்று சட்டம்! 1913இல், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கக்கூடாதென்று கலிபோர்னியாவில் சட்டம்! ஆசியர் என்ற சொல்லே இல்லாமல் ஆசியரை விலக்கிய சூழ்ச்சி அது.

அதே ஸ்டாக்டனில் 1912இல் குருத்துவாரா அமைத்த பஞ்சாபியரும் அச்சட்டத்துக்குத் தப்பவில்லை. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் குடியுரிமை வழக்கு, உச்சநீதிமன்றம் வரை சென்றது. அங்கே அவர் சார்பில் வைக்கப்பட்ட வாதம் என்ன தெரியுமா, தோழர்களே? தாமும் மனிதர் என்பதன்று. தாம் உயர்சாதி இந்து, ஆரியர், ஆகவே வெள்ளையரே என்பது! 1923 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அநீதி அச்சட்டத்தினுடையது, அதில் ஐயமில்லை. ஆயினும், சுவரை இடிக்கச் சொல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கத்தில் தமக்கும் ஓர் இடம் கேட்ட வாதம், சாதி மூட்டையைக் கடல் கடந்தும் சுமந்த வாதமல்லவா?

அந்த மூட்டை எங்கே கட்டப்பட்டது? மனுநூலின் பத்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். இரும்பு முனை பூட்டிய மரம், மண்ணையும் மண்வாழ் உயிர்களையும் வருத்துமாம். ஆகவே உழவு, சான்றோர் பழித்த தொழிலாம்! விளைந்ததை உண்பது பழியன்று, விளைவிப்பதுதான் பழி!

கலிபோர்னியாவின் நிலச் சட்டம் செல்லாதென்று, 1952இல் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானாக விழுந்த கனியா அது? 39 ஆண்டுகள் காத்து, வழக்காடிப் பெற்ற தீர்ப்பு!

இயந்திரம் உழைப்பின் சுமையைக் குறைக்கும். உரிமையைத் தேடித் தராது. வேரைத் தோண்டும் வாளி, ஓட்டுபவரின் குலத்தைக் கேட்பதில்லை. மண்ணும் கேட்பதில்லை. கேட்பவர் மனிதர் மட்டுமே. அந்தக் கேள்வியையும், சுற்றிலும் மண் பறித்து, பக்க வேர்களை அறுத்து, அடியோடு அகற்றியாக வேண்டும். அந்த வேலைக்கு எந்த நாட்டு இயந்திரமும் வராது. நாம்தான் வர வேண்டும்!