தேசிங்கு ராஜா கோட்டை மட்டும்தானா செஞ்சி? மலை ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் பஸ் ஜன்னல் வழியா செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருப்பீங்க. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தச் சின்ன ஊர்னாலே தேசிங்கு ராஜாதான் ஞாபகம் வருவார். ஆனா, 1714-ல் ஆற்காடு நவாப் படையுடன் மோதி உயிரிழந்த அவர், செஞ்சியை ஆண்டது ஓராண்டுக்கும் குறைவுதான்!

8 ஆண்டு முற்றுகை

1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. பின்னர் அவரது மகன் ராஜாராம் இங்கு தஞ்சமடைய, 1690-ல் முகலாயப் படை முற்றுகையிட்டது. ஆனால் கோட்டை வீழ்ந்தது 1698-ல்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என 3 மலைகளையும் மதில் இணைக்கிறது. சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சிக்கு முன்னால் ஆழமான பாறைப் பிளவு இருக்கு. அதன் மேலுள்ள பாலத்தை எடுத்துட்டா, எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது மட்டுமே.

என்னென்ன பார்க்கலாம்?

* அடிவாரத்தில் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், வெங்கடரமணர் கோயில்
* பக்கத்திலேயே சிங்கவரம் ரங்கநாதர் குடைவரைக் கோயில்

கவனிக்க

வெயிலுக்கு முன்னாடியே ஏறிடுங்க. தண்ணீர் அவசியம். குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கையில் காட்டாதீங்க. முக்கியமா, சுவரில் பேர் கிறுக்காதீங்க. 8 வருஷ முற்றுகையைத் தாங்கிய கல் அது!