பால் கழிவும் பிளாஸ்டிக்கும்: ஒரு பழைய கதை

"மலருக்கு ஏதாவது எழுதுப்பா, உன் பிஎச்.டி. பத்தியே எழுது" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, நான் ஒரு பால் நிறுவனத்தின் கழிவுநீர்த் தொட்டி மேல் நின்றிருந்தேன்.

மத்தூர்ப் பக்கம் வளர்ந்த நமக்குப் பால் கேன் சத்தம்தான் விடியற்காலை அலாரம். அந்தக் கேனையும் டேங்கையும் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போது யார் கேட்டோம்? அதில் லாக்டோஸும் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. அப்படியே விட்டால் புளித்து நாறும். ஏரித் தண்ணீரில் கலந்தால் ஆக்சிஜனைத் தின்று மீனைச் சாகடிக்கும்.

1926இல் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த லெமுவான் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள் பி.எச்.பி. என்ற பாலியெஸ்டர் இருப்பதைக் கண்டுபிடித்தார். தீனி மிஞ்சி, நைட்ரஜன் போன்ற சத்து குறைந்தால், நம்ம ஊரில் ராகியைக் குதிரில் சேர்ப்பதுபோல அது இதைச் சேர்த்து வைக்கிறது. 1974இல் வாலன், ரோவெடர் என்ற இரு அமெரிக்கர்கள் சாக்கடை சுத்திகரிப்புச் சேற்றிலிருந்தே இவ்வகைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். என் வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். தனியாக வளர்த்த பாக்டீரியா தேவையில்லை, சேறே போதும்!

1990இல் ஐ.சி.ஐ. கம்பெனியின் 'பயோபால்' ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகக் கடைக்கு வந்தது. சாதாரண பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விலை. ஜெனிகா, மான்சாண்டோ என்று கைமாறி, 2001இல் மெட்டபாலிக்ஸிடம் போனது. நம் நாட்டில் நாக்பூர் ஆய்வாளர்கள் பால், ஐஸ்கிரீம் ஆலைக் கழிவுநீரை முன்னோடி ஆலை அளவில் ஓட்டிப் பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

படித்துவிட்டு நானும் துணிந்தேன். முதலில் காற்றில்லாத தொட்டியில் லாக்டோஸை அமிலமாக்க வேண்டும். பிறகு காற்றுத் தொட்டியில் ஒரு வேளை விருந்து, ஒரு வேளை பட்டினி. பட்டினியைத் தாங்கி நிற்பவை சேமிக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள்தான். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் ஜோர். ஆலையில்? இரண்டே நாளில் சேறு செத்தது. குழாய் கழுவக் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் மாறி மாறி விடுகிறார்கள் என்பதைப் பொறியாளனான நான் கேட்கவே இல்லை! அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணன்தான், "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார். அந்த ரசாயனக் கழுவலைத் தனித் தொட்டிக்குத் திருப்பிய பிறகுதான் சேறு பிழைத்தது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, பால் பாக்கெட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்குதான் என்னை உறுத்துகிறது. ஆனால் பாக்கெட் செய்ய என் சரக்கு இன்னும் லாயக்கில்லை, வளைத்தால் முறிகிறது.

ரீயூனியனுக்கு ஒரு துண்டு கொண்டுவருகிறேன். ஜூனியர்களே, தொட்டுப் பாருங்கள். அழுத்த வேண்டாம், உடைந்துவிடும்.