எலி பிடிக்கும் டாக்டர்களும் சவலைப் பிள்ளைகளும்

போன மாதம் இங்கே ஒரு பிறந்தநாள் விருந்து. நண்பர் ஒருவர் ரொம்பவே நொந்து போயிருந்தார். அவர் பெண் குழந்தை மருத்துவத்தில் ரெசிடென்சி முடித்துவிட்டாள். நல்ல சம்பளத்தில் கிளினிக் வேலை காத்திருக்கிறது. அவளோ மூன்று வருஷம் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்குப் போகிறேன் என்கிறாளாம். "இவ்ளோ செலவு பண்ணி டாக்டராக்கினா, கடைசியில எலி பிடிக்கப் போறாளாம் சார்!" என்றார். சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இந்தப் பதிவு.

(நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஆசாமி. ஹைதராபாத்தில் சில வருஷம் குப்பை கொட்டியவன். தார்நாகா பக்கம் போய் வந்தபோது பார்த்த ஒரு போர்டுதான் இந்த ஆர்வத்துக்கு ஆரம்பம்: தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.)

நம் பாட்டிகளுக்கு 'சவலை' தெரியும். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் நின்றுபோய், இளைத்து, சிணுங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா உடம்பு வீங்கித் தோல் உரிந்து செத்துப்போகும் குழந்தைகளைப் பார்த்தார். இதற்கு என்ன பெயர் என்று அங்குள்ள பெண்களிடமே கேட்டார். 'குவாஷியோர்கர்' என்றார்கள். அதற்கு அர்த்தம் ஏறக்குறைய நம் சவலைதான்! 1935-ல் லான்செட் இதழில் அந்தப் பெயரிலேயே எழுதினார். வார்டில் நிற்கிற டாக்டர் மருந்து எழுதுவதோடு நிற்காமல் 'ஏன்' என்று கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு இது.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1928-ல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. அதே 1918-ல் சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, லண்டனில் டாக்டரேட் வாங்கி, குன்னூருக்கு வந்து சேர்ந்தார். ஸ்ரீகாகுளத்துக்காரர் வி. ராமலிங்கசுவாமியும் அங்கே வேலை பார்த்தவர்தான். பிற்காலத்தில் இருவருமே அடுத்தடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர்கள்!

1958-ல் கூடம் ஹைதராபாத்துக்கு மாறியது. 1969-ல் தேசிய நிறுவனம் என்ற பெயர் வந்தது. குன்னூரில் பெரிய மருத்துவக் கல்லூரி கிடையாது. ஹைதராபாத்திலோ உஸ்மானியா இருந்தது, குழந்தைகளுக்கென்று 1953-ல் திறந்த நிலோஃபர் ஆஸ்பத்திரியும் இருந்தது. காலையில் வார்டில் குழந்தை, பகலில் லேபில் அதன் ரத்தம், பிறகு அது வந்த கிராமத்தில் அதன் வீட்டு அடுப்படி. இளம் டாக்டர்களுக்கு இந்த மூன்றும் ஒரே ஊரில் கிடைத்தன. எஸ்.ஜி. ஸ்ரீகண்டையா, வினோதினி ரெட்டி என்று அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டர்கள் பின்னாளில் அதே நிறுவனத்தின் இயக்குநர்களானார்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அன்று உலகம் முழுக்கப் புரதப் பஞ்சம் என்ற பேச்சு. ஏழைக் குழந்தைகளுக்குப் புரதப் பவுடர் செய்து அனுப்பத் திட்டங்கள். கோபாலன் குழு கிராமத்துக் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தது. வீங்கும் குழந்தைக்கும் வற்றும் குழந்தைக்கும் சாப்பாட்டில் பெரிய வித்தியாசமே இல்லை. பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக, புரதம் மிகக் குறைவாக உள்ள சுமார் 300 கலோரி உணவைத் தினமும் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1973-ல் வெளியிட்டார்கள். விஷயம் எளிது: பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை. பவுடர் வேண்டாம், சோறு வேண்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1990 கதை. கண்பார்வையைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் வந்தது. அதற்குப் பிள்ளையார் சுழி போட்டதே இந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிதான். அது குழந்தைகளின் சாவையும் குறைக்குமா? ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்களில் பார்த்தார்கள். குறையவில்லை என்று லான்செட்டில் எழுதினார்கள். அதே வருஷம் மதுரை அரவிந்த் குழு, வாரம் ஒரு சிறு அளவு கொடுத்ததில் சாவு பாதிக்கும் கீழே போனது என்று எழுதியது. தாங்கள் தொடங்கி வைத்த மருந்தைப் பற்றியே 'நாங்கள் பார்த்த இடத்தில் பலன் தெரியவில்லை' என்று அச்சில் போட ஒரு துணிச்சல் வேண்டும். பெரியவர்கள் அப்படிச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் சின்னவர்களுக்கும் அது வரும்.

இன்னொன்று, பொறுமை. 1987-90-ல் சில கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு கொடுத்தார்கள், வேறு சிலவற்றில் இல்லை. 2003-05-ல் சஞ்சய் கின்ரா உள்ளிட்ட அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். உணவு கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் அதிகம். சர்க்கரை நோய்க்கு முன்னோடியான இன்சுலின் எதிர்ப்பும் குறைவு. 2008-ல் இதை வெளியிட்டார்கள். முதலில் எடை பார்த்தவரே கடைசிவரை இருப்பார் என்று சொல்ல முடியாது. நோட்டை வாங்கிக்கொள்ள அடுத்தவர் வேண்டும்.

அந்த அடுத்தவர் எங்கிருந்து வருவார்? 1979-லேயே அமெரிக்காவில் வைன்கார்டன், ஆராய்ச்சி செய்யும் டாக்டர் அழிந்து வரும் இனம் என்று எச்சரித்தார். காரணம் புரியாததில்லை. கடன், குடும்பம், நிற்காத நோயாளி வரிசை. 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் (இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்தது, தலைமையகம் அதே ஹைதராபாத்) டாக்டர்களுக்கென்றே ஃபெல்லோஷிப் கொடுத்ததும் இதற்காகத்தான். அந்தப் பணம் வாங்கித் தருவது நேரம்.

1987-ல் எடை பார்த்த பிள்ளைகள் இன்று முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது "டாக்டருக்குப் படிச்சிட்டு ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மூன்று வருஷம் பெரிய விஷயமில்லை.

பி.கு: குன்னூரில் மெக்காரிசன் எலிகளுக்கு சீக்கியர் சாப்பாட்டையும் மெட்ராஸ் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். யார் தோற்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை :-) அது தனிப் பதிவு.