கவண்பொறி

கவண்பொறி, வெடிமருந்தின் துணையில்லாமல் கல்லையும் கனத்த அம்பையும் தொலைவுக்கு வீசிய போர் எந்திரம். மதிலை நம்பியிருந்த நகரங்களின் நிம்மதியைக் குலைத்தது இது.

வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுடன் போருக்கு ஆயத்தமான, சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரக் கொடுங்கோலன் முதலாம் தியோனீசியஸ், கி.மு. 399இல் பல ஊர்க் கைவினைஞர்களை நல்ல கூலிக்கு வரவழைத்தான். அவனது பட்டறைகளில்தான் இப்பொறி பிறந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் தியோடோரஸ். ஈராண்டு கழித்து, சிசிலியில் கார்த்தேஜின் வசமிருந்த மோட்யா நகர முற்றுகையில், கரையிலிருந்து சீறிய அம்புகள் கார்த்தேஜின் கப்பற்படையைப் பின்வாங்க வைத்தன.

தொடக்கத்தில் அது பெரிய வில்தான். வீரன் வயிற்றால் அழுத்தி நாணேற்றினான். வில்லின் வலிமை ஓரளவுக்கு மேல் போகாது. எனவே, விலங்குகளின் தசைநாணையோ மயிரையோ திரித்த இரு கற்றைகளில் மரக்கரங்களைச் செருகி முறுக்கும் முறை கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அலெக்சாந்திரியாவில் தாலமி அரசர்கள் செலவை ஏற்க, பொறியாளர்கள் சோதித்துச் சோதித்து ஒரு வாய்பாடே கண்டார்கள். கல்லின் எடையை மினா என்ற கிரேக்க எடையளவில் எடுத்து, நூறால் பெருக்கி, கனமூலம் கண்டு, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால், கற்றை நுழையும் துளையின் விட்டம் விரற்கடையில் கிடைக்கும். பைசாந்தியத்து ஃபிலோன் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். மன்னர்களின் வெற்றிகளை விட இந்தக் கணக்கே கவண்பொறி வரலாற்றின் உச்சம்.

கி.மு. 149இல் ரோமிடம் 2,000 பொறிகளை ஒப்படைத்த கார்த்தேஜ், பிறகு எதிர்த்து நிற்கத் துணிந்தபோது, புதிய பொறிகளுக்காகப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். கி.பி. 70இல் ஜெருசலேமை ரோமர் முற்றுகையிட்டபோது ஒரு தாலந்து (60 மினா) எடைக் கற்கள் பறந்தன. வெண்கல் வருவதைக் கண்டு காவலர் கூவ, மக்கள் தரையில் படுத்துத் தப்பினர். உடனே ரோமர் கற்களுக்குக் கறுப்புப் பூசினர் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார்.

இந்தியாவில், வைசாலியின் லிச்சவிகள் மீது மகத மன்னன் அஜாதசத்ரு பெருங்கல் எறியும் பொறியை ஏவியதாகச் சமண மரபு சொல்கிறது. அந்நூல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை என்பதால் அதைக் காலச்சான்றாகக் கொள்ள இயலாது. மதுரை மதிலில் இருந்த கல்லெறி கவணையும் விற்பொறியையும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை குறிப்பிடுகிறது.

சீனத்தில் வேறொரு வகை வளர்ந்தது: நெடுங்கம்பின் ஒரு முனைக் கயிறுகளை ஆட்கள் சேர்ந்து இழுக்க, மறுமுனைக் கவண் கல்லை வீசும். 6ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இது மத்தியதரைக் கடற்கரையை எட்டியது. சிந்துவின் தேபல் நகர முற்றுகையில் அரபுத் தளபதி முகம்மது பின் காசிம் நிறுத்திய ‘மணமகள்’ என்ற பொறியை இயக்க 500 பேர் தேவைப்பட்டனர் என்கிறார் வரலாற்றாசிரியர் பலாதுரி. 12ஆம் நூற்றாண்டில் ஆட்களுக்குப் பதில் பாரப்பெட்டி தொங்கியது. வீச்சு சீரானது, கல்லும் பெருத்தது. பாரசீகத்திலிருந்து குப்லாய் கான் தருவித்த வல்லுநர்கள் கட்டிய இத்தகைய பொறிகளே, பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த சியாங்யாங் கோட்டையை 1273இல் பணிய வைத்தன.

பீரங்கி பரவியபின் கவண்பொறி மறைந்தது. ஆயினும் முதல் உலகப்போரில், 1915இல், பதுங்குகுழிகளிலிருந்து குண்டுகளை வீச ரப்பர் பட்டை பூட்டிய கவண்பொறிகளைப் பிரிட்டிஷ் படை பயன்படுத்தியது. மறு ஆண்டே மோர்ட்டார்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.