சுதையும் கித்தானும்

விழுப்புரத்தின் வடமேற்கே காணை வட்டாரத்தில் நடப்பவருக்கு முதலில் தென்படுவன கரும்பும் நெல்லும் ஏரிக்கரைப் பனைகளும்தாம். ஓவிய வரலாற்றை இங்கே தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. ஆயினும் தமிழகத்து ஓவியன் தன் வண்ணத்துக்கு அடியில் எதை வைத்தான் என்ற கேள்விக்கு விடையின் முதல் மூன்று படிகள் இந்த வட்டாரத்திலும் இதன் அண்டையிலுமே கிடக்கின்றன. ஊர்ப்பெயரில் ‘காண்’ என்னும் வினை ஒலிப்பது தற்செயலாகவே இருக்கலாம்.

முதற்படி வெறும் பாறை. கீழ்வாலையிலும் செஞ்சியை அடுத்த செத்தவரையிலும் பழங்கால மனிதன் செங்காவியைப் பாறையில் நேரே தீட்டினான். அவனுக்குத் தளம் அமைக்கும் வேலையே இல்லை. பாறையின் சொரசொரப்பு அவன் கோட்டைத் தடுத்த இடத்தில் கோடு தடித்தது. வழிவிட்ட இடத்தில் ஓடியது.

இரண்டாவது படி மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் ‘விசித்திரசித்தன்’ என்ற பெயரில் அங்கே வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இக்கோயிலை எடுத்ததாகக் கூறுகிறது. கட்டடக் கலை வரலாற்றில் இதற்குரிய இடம் பலரும் அறிந்ததே. ஓவியம் பயில்வோர் கருத வேண்டியது, அவன் விலக்கிய பொருள்களின் வரிசையில் சுதையும் இருப்பது. ‘சித்திரகாரப்புலி’ என்றும் விருது பூண்ட மன்னன் அவன். சுதை இன்றி ஓவியனின் சுவர் இல்லை என்பதை அவன் அறியாதிருக்க முடியாது. கல்லைத் தன் காலில் நிற்க வைத்துக் காட்ட விரும்பிய பெருமிதம் அது.

அவன் ஒதுக்கிய சுதையை, அவனுடைய கொள்ளுப்பேரனின் மகனான இராசசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனைமலையில் மீண்டும் கைக்கொண்டான். ஏரியை ஒட்டிய குன்றின் மேல், செந்நிறம் கலந்த கருங்கல்லால் எழுந்த தாளகிரீசுவரர் கோயிலில், கருவறையைச் சார்ந்த சிற்றாலயம் ஒன்றின் உட்சுவரில் ஓர் ஓவியம் எஞ்சியுள்ளது. தலைக்கு மேல் குடை. முடி அணிந்த தலை சற்றே சாய்ந்திருக்கிறது. ஒரு கால் மடங்க, உடலை நெகிழவிட்டு நிற்கும் உமை. அவள் பார்ப்பது சிவனின் ஆடலை. ஆடியவன் இருந்த சுவரில் மங்கிய சில கோடுகளே மிச்சம்.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கோட்டின் நளினத்தையும் முகத்தின் அமைதியையுமே போற்றினர். போற்றத் தக்கனவே. ஆனால் உமை பிழைத்ததும் ஆடியவன் மறைந்ததும் கோட்டால் நிகழ்ந்தவை அல்ல, சுதையால் நிகழ்ந்தவை. கருங்கல் வண்ணத்தை உறிஞ்சாது. எனவே அதன் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு ஒன்று வேண்டும். ஈரம் புலரும்போது சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஈரத்திலேயே இட்ட வண்ணமாயின் அதையும் தன்னுள் பிணைத்துக்கொள்கிறது. சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் வண்ணங்கள் சிலவே: காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக் கரி. பழைய சுவரோவியங்களின் அடக்கமான நிறத்துக்கு ஓவியனின் சுவை பாதிக் காரணம் என்றால், சுண்ணத்தின் கண்டிப்பு மறுபாதி. மழைநீர் கல்லிடுக்கில் கசிந்து உப்பைக் கொணர்ந்து படிய வைக்கும் இடத்தில் பூச்சு உப்புகிறது, பிறகு உதிர்கிறது. உதிரும் பூச்சு ஒரு கையையோ கண்ணையோ உடன் கொண்டு போகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதன் மறுதலை நிகழ்ந்தது. அங்கே சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தார் புதிய பூச்சிட்டுத் தம் ஓவியத்தைத் தீட்டினர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் கைவண்ணத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். மறைத்த பூச்சே காத்த பூச்சாகவும் ஆயிற்று. சென்னை அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எசு. பரமசிவன் 1930களில் அந்தச் சுவரை ஆராய்ந்து, சோழர் ஓவியம் ஈரச்சுதை முறையில் அமைந்தது என்று முடிவு கூறினார். ஓவியத்தைப் படலம் படலமாகப் படிக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்தில் அறிவியல் வடிவம் பெற்றது அவர் கையில் என்று சொல்லலாம்.

சுவரிலிருந்து துணிக்கு இறங்கிய வரலாறு தஞ்சை மராட்டியர் காலத்தில் தெளிவாகிறது. தஞ்சாவூர் ஓவியர் பலாப்பலகையின் மேல் துணியை ஒட்டினர். அதன் மேல் சுண்ணப்பொடியைக் கோந்தில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினர். பின்னர் நகையும் தூணும் திருவாசியும் வரும் இடங்களில் அதே பசையைத் தடிக்க இட்டுப் புடைப்பை எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, பொன் தகட்டை ஒட்டினர். மரம், துணி, சுண்ணம், கண்ணாடி, பொன், வண்ணம் என ஆறு பொருள்கள் ஒரே சட்டத்தில் கூடின. இன்று ‘கலப்பு ஊடகம்’ என்று புதுப்பெயரிட்டு அழைக்கும் முறைக்கு இதைவிட நெருங்கிய முன்னோடியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பலகை ஏன் என்பது கேட்கத் தக்க கேள்வி. கோந்தில் குழைத்த சுண்ணம் காய்ந்தால் வளையாது. துணியோ மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் கோடையில் ஒரு விதமாகவும் நெகிழ்ந்தும் இறுகியும் அசையும். அசையும் துணியில் அசையாத பூச்சு வெடிக்கும். தஞ்சை ஓவியன் துணியைப் பலகையில் கட்டிப்போட்டது இதனாலேயே. வெனிசு நகரத்தாரின் சிக்கலும் ஈரம்தான். உப்பங்காற்றில் சுவரோவியம் நிலைக்காததால், பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் பாய்மரத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்து கொடுக்கும் எண்ணெய் வண்ணத்தை அதில் தீட்டினர். நம் ஊரில் பைக்கும் பாய்க்கும் ஆன கித்தான் அங்கே ஓவியத்துக்கு நிலமானது அப்படித்தான்.

அந்தக் கித்தான் இரவி வர்மா வழியாக இந்தியர் இல்லங்களுக்கு அறிமுகமானபோது, அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் இருந்தது. துணியின் இழையும் தூரிகையின் தடமும் மறைந்து, பட்டும் தோலும் மட்டுமே தெரிவது தேர்ச்சியின் அடையாளம் எனப்பட்டது. மேற்கில் அந்த அடையாளம் உடைந்தது 1912இல், பிக்காசோ ஓர் ஓவியத்தில் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தபோது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலியில் மருத்துவராயிருந்த ஆல்பர்ட்டோ புர்ரி கிழிந்த சாக்கைத் தைத்துக் கித்தானாக்கினார். பார்சலோனாவின் ஆந்தோனி தாப்பியெசு பளிங்குப் பொடியும் மணலும் குழைத்துச் சுவர்போன்ற பரப்புகளை எழுப்பினார். அவர் பெயருக்கே கட்டலான் மொழியில் சுவர் என்ற பொருள் ஒலிப்பதை அவரும் அறிந்திருந்தார்.

சென்னையில் இவை அப்படியே இறக்குமதியாகவில்லை. கே. சி. எசு. பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் படிப்பதற்காக வரவில்லை. பரப்பை நிறைப்பதற்காக வந்தன. கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். பொருள் கழன்ற எழுத்து என்னவாகிறது என்பதற்கு ஓவியன் சொன்ன விடை அது. 1966இல் அவர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த சோழமண்டலத்தில் பி. வி. சானகிராம் செப்புத் தகட்டைத் தட்டிக் கம்பிகளைப் பற்றவைத்து, சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் இடைப்பட்ட முன்முகப் படிமங்களைச் செய்தார். அங்கேயே தங்கிய சி. டக்ளசு, தாளைக் கசக்கிப் பிரித்து அந்த மடிப்புகளின் மேல் தீட்டினார். ‘குருட்டுக் கவிஞனும் வண்ணத்துப்பூச்சிகளும்’ என்ற வரிசை அவ்வகையில் புகழ் பெற்றது. சிற்றிதழ் வாசகர் கோட்டோவியங்களால் அறிந்த கே. எம். ஆதிமூலம் தம் எண்ணெய் வண்ணப் படைப்புகளில் உருவத்தை விட்டு வண்ணப் படலங்களையே நம்பியதும் இக்கதையின் ஒரு பகுதி.

இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டி, ‘எல்லாம் நம்மிடம் முன்னரே இருந்தன’ என்று முழங்குவது எளிது. அது உண்மையாகாது. பனைமலை ஓவியனின் சுதை கண்ணுக்குத் தெரியாமல் மறைவதற்காகப் பூசப்பட்டது. தஞ்சைப் புடைப்பு தெய்வத்துக்கு அணியாக எழுந்தது. இன்றைய கித்தானில் சாக்கும் மணலும் கசங்கிய தாளும் எதற்கும் அணியாக வரவில்லை. தாமே பேச வந்தவை. இவ்வேறுபாட்டைக் காணாதவர் புதிய ஓவியத்தை நகல் என்று இகழ்வார். அல்லது பழையதைப் புதியதன் ஒத்திகையாக்கிச் சிறுமைப்படுத்துவார்.

வேலையின் நுட்பமோ மூன்றிலும் ஒன்றே. பளிங்குப் பொடியை அக்ரிலிக் பசையில் குழைத்துக் கரண்டியால் அப்பும் இளைஞனுக்குப் பலகை தேவைப்படாததன் காரணம், அந்தப் பசை துணியோடு சேர்ந்து வளைவதுதான். 1950களுக்குப் பின் பரவிய வசதி அது. இருந்தும் அவன் கனத்த பூச்சை ஒரே நாளில் ஏற்றினால், மேற்புறம் காய்ந்து அடிப்புறம் ஈரமாயிருக்க, வெடிப்பு ஓடும். மெல்லிய படலம் ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று காத்திருக்கத்தான் வேண்டும். கரண்டியின் மேட்டிலும் பள்ளத்திலும் நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டுத் துடைத்தால் பள்ளத்தில் நிறம் தங்கும், மேடு வெளுக்கும். கீழ்வாலைப் பாறையில் காவி இட்டவனின் கை இதை அறிந்திருக்கும்.

பனைமலைக்கு ஏறுபவர் பிற்பகலில் போவது நல்லது என்பர். சாய்ந்த வெயிலில் சுதையின் விளிம்பு, உதிர்ந்த இடத்துக்கும் உதிராத இடத்துக்கும் நடுவே, ஒரு மெல்லிய நிழலாகத் தெரியும். அந்த விளிம்புக்கு இப்பால் உமை இன்னும் தலை சாய்த்து, ஆடல் நிகழ்ந்த வெற்றுக்கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.