மந்தையும் மேழியும்: அபிலீன் நகரின் வரலாறு

நகரங்கள் தோன்றும் வகை பல. ஆற்றங்கரையிலும் துறைமுகத்திலும் அரசிருக்கையைச் சூழ்ந்தும் அவை எழுந்தமையை வரலாறு காட்டுகின்றது. ஆயின், தோன்றியவை எல்லாம் நிலைபெறுவதில்லை. ஒரு வாணிகத்தால் ஓங்கிய ஊர், அவ்வாணிகம் அகன்றதும் பாழ்படுதல் உலகியற்கை. வந்த செல்வத்தைத் தானே வேண்டாவென விலக்கி, அதன் பின்னும் வாழ்ந்த ஊரைக் காண்டல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே, கன்சாஸ் மாநிலத்தில் உள்ள அபிலீன் என்னும் சிறுநகர் அத்தகையது.

1854ஆம் ஆண்டிலே கன்சாஸ் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் திமொதி ஹெர்சி என்பவர் அங்குள்ள சிற்றோடை ஒன்றின் கரையிற் குடில் அமைத்து, பயண வண்டிகள் தங்கிச் செல்லும் நிலையம் ஒன்றை நடத்தினார். 1860இல் அவ்விடத்துக்கு அவர் மனைவியார் விவிலியத்திலிருந்து அபிலீன் என்னும் பெயரைத் தெரிந்து இட்டனர். 1861இல் அச்சிற்றூர் டிக்கின்சன் கவுண்டியின் தலைமை ஊராயிற்று. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. அதன் தலைமை ஊரிலேயே நீதிமன்றமும், நிலவுறுதிகளைப் பதியும் அலுவலகமும், வரி இறுக்கும் இடமும் அமையும். அன்று இச்சிறப்பை எவரும் பெரிதாகக் கருதியிரார். 1867இலும் ஆங்கிருந்தவை ஏறக்குறையப் பன்னிரண்டு மரக்குடில்களே.

அவ்வாண்டிலே புகையிரதப் பாதை அபிலீனை அடைந்தது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில் மாடுகள் எண்ணிறந்து பெருகியிருந்தன. ஆங்கு நான்கு டொலர் விலைபோன மாடு வடபுல நகரங்களில் நாற்பது டொலர் வரை பெறுமெனப்பட்டது. இவ்விலை வேற்றுமையை உணர்ந்த இல்லினோய் வணிகர் ஜோசப் மக்கோய், அபிலீனில் நிலம் வாங்கிப் பட்டிகளும் விடுதியும் அமைத்தார். 1867 செப்டம்பர் 5ஆம் நாள் இருபது பெட்டிகளில் மாடுகள் ஏற்றப்பட்டு முதற் புகையிரதம் சிக்காகோ நோக்கிப் புறப்பட்டது. அவ்வாண்டில் வந்தவை ஏறத்தாழ 35,000 மாடுகள். பின்வந்த ஆண்டுகளில் அவை இலட்சக் கணக்கிற் பெருகின.

செல்வம் தனித்து வரவில்லை. பல மாதம் மந்தையோட்டிக் களைத்த இளைஞர் கூலிப் பணத்தை மதுவிலும் சூதிலும் இறைத்தனர். ஊர்க்காவல் தலைவர் தொம் ஸ்மித் துப்பாக்கி ஏந்துவதைத் தடுத்து ஒழுங்கு நாட்டினார். 1870 நவம்பரில் அவரும் கொலையுண்டார். 1871இல் நகரபிதாவாக இருந்த மக்கோய், புகழ்பெற்ற வைல்ட் பில் ஹிக்கொக்கை அப்பதவியில் அமர்த்தினார். அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த கலகமொன்றிலே ஹிக்கொக் எதிரியைச் சுட்டதோடு, விரைந்து வந்த தம் உதவியாளரையும் அறியாது சுட்டுக் கொன்றார். ஆண்டிறுதியில் அவர் பதவியினின்றும் நீக்கப்பட்டார்.

இவற்றினும் ஆழமான பகை வயலில் விளைந்தது. 1862ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நிலச்சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் வரை உரிமையாக்கிற்று. அவ்வாறு வந்த உழவரின் பயிரை மந்தைகள் மிதித்தன. தெற்கத்தி மாடுகளோடு வந்த உண்ணிகள் பரப்பிய காய்ச்சலால் உழவரின் மாடுகள் மாண்டன. அந்நோயின் காரணம் பல ஆண்டுகளின் பின்னரே ஆய்வாளரால் நிறுவப்பட்டதாயினும், கேடு எதனோடு வருகின்றது என்பதை உழவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1872 பெப்ரவரியில் அவர்களும் ஊரவர் பலரும் ஒருங்கு கையொப்பமிட்டு, இனி மாடுகளை இங்குக் கொணராது வேறிடம் நாடுமாறு டெக்சாஸ் வணிகருக்கு அறிவித்தல் விடுத்தனர்.

வாணிகம் அகன்றது. கடைகள் பல வெறுமையுற்றன. மக்கோயின் விடுதியின் ஒரு பகுதிதானும் பிரிக்கப்பட்டு எல்ஸ்வேர்த் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நியூற்றன், விச்சிற்றா ஆகிய ஊர்களுக்கும் புகையிரதப் பாதை எட்டியமையால், அறிவித்தல் இல்லாதிருப்பினும் அவ்வாணிகம் சின்னாளில் அகன்றேயிருக்கும் என்பது உண்மையே. ஆயினும் நகரம் ஏன் மாயவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது. நிலத்தைப் பதியவும் வழக்குத் தீர்க்கவும் வரி செலுத்தவும் கவுண்டி முழுவதிலுமிருந்து உழவர் அபிலீனுக்கே வரவேண்டியிருந்தது. வந்தவர் ஆங்கே பொருள் கொண்டனர், விளைவை விற்றனர். ரி. சி. ஹென்றி என்பார் ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே மாரிக் கோதுமையைப் பெருமளவில் விளைவித்து வழிகாட்டினார். மந்தைகள் மேய்ந்த புல்வெளி கோதுமை வயலாயிற்று.

மெல்ல வளர்ந்த அந்நகரில் 1899இல் தொடங்கிய சிறு தொலைபேசி நிறுவனம் பின்னர் ஸ்பிரின்ற் என்னும் பெருநிறுவனத்துக்கு வித்தாயிற்று. 1892 முதல் அங்கு வளர்ந்து, பாலாடைத் தொழிற்சாலையில் வேலைசெய்து, 1911இல் படைக் கல்லூரிக்குச் சென்ற இளைஞர் டுவைற் ஐசன்ஹோவர், 1953 முதல் 1961 வரை நாட்டின் சனாதிபதியாக விளங்கினார். 1969இல் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் அவ்வூரிலேயே. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 6,460 பேர்.

அபிலீனைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் துப்பாக்கி வீரரையே பாடுகின்றன. அக்காலமோ ஐந்தாண்டுக்கு மேற்பட்டதன்று. எஞ்சிய ஒன்றரை நூற்றாண்டையும் தாங்கியவை பதிவேடும் மேழியுமே. ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கு எழுந்த ஆரவாரத்தை மட்டுமன்றி, அது அடங்கிய பின் ஆங்கே தங்கியோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.