காப்புப் பிரதியும் காவல் சாவியும்

2023 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரச முகிற் கணினிச் சேவை, கப்பம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்குள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களில் அவ்வாண்டு மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையானவை பறிபோயின. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியையும் தீநிரல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

பிரதியை மூலத்தின் அருகிலேயே வைத்திருப்பதன் விளைவை வேறு நாடுகளும் அனுபவித்துள்ளன. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் தரவு நிலையமொன்று எரிந்தபோது, அதே வளாகத்தில் பிரதிகளை வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டெம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகரில் மூண்ட தீயில் அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. வெளியிடப் பிரதி அவற்றுக்கு இருக்கவில்லை.

எனவே பிரதி வெளியிடத்தில் இருத்தல் வேண்டும். ஆயின், வெளியே செல்லும் பிரதி பிறர் கைக்கும் செல்லலாம். 2004 இல் அமெரிக்காவின் பாங்க் ஒப் அமெரிக்கா அனுப்பிய காப்பு நாடாக்கள் வழியில் தொலைந்தன. சுமார் 12 இலட்சம் கூட்டாட்சி அரச ஊழியர்களின் விபரங்கள் அவற்றில் இருந்தன. இவ்வாபத்துக்குரிய மருந்தே மறையாக்கம். 2001 இல் அமெரிக்கா நியமமாக ஏற்ற ஏ.ஈ.எஸ். முறை இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. அதனை முறையாகக் கையாண்டால், நாடாவைக் கண்டெடுத்தவனுக்கு அது பொருளற்ற எண்கோவை மட்டுமே.

இங்கு எழும் முதன்மையான வினா, சாவி யாரிடம் இருப்பது என்பதாகும். சேமிப்பு நிறுவனமே மறையாக்கஞ் செய்து சாவியையும் வைத்திருப்பது இலகுவானது. ஆனால், அந்நிறுவனத்துள் ஊடுருவியவனுக்குப் பூட்டும் சாவியும் ஒருங்கே கிட்டக்கூடும். தரவு தமது வழங்கியை விட்டு நீங்குமுன் தாமே மறையாக்கஞ் செய்வது பாதுகாப்பானது. அதற்குரிய விலை, சாவி தொலைந்தால் பிரதியும் தொலைந்ததே என்பதாகும். வழங்கியில் மட்டும் சாவியை வைத்திருப்போர், வழங்கி எரியும் நாளில் அதனையும் இழப்பர். ஆகவே சாவியின் பிரதிகள், தரவுப் பிரதி இல்லாத வேறு இரண்டு இடங்களில், பொறுப்புள்ள இருவரிடமேனும் இருத்தல் நன்று. கோப்புகளைச் சுருக்கிய பின்னரே மறையாக்கஞ் செய்தல் வேண்டும். மறையாக்கப்பட்ட தரவு சுருங்குவதில்லை.

மறையாக்கம் வாசிப்பதைத் தடுக்குமேயன்றி அழிப்பதைத் தடுக்காது. வழங்கியின் நிருவாகக் கடவுச்சொல்லைப் பெற்றவன் தொலைவிலுள்ள பிரதியையும் அழிக்கலாம். ஆதலால் ஒரு பிரதியேனும் இணைப்பிலிருந்து விலக்கப்பட்டதாகவோ, குறித்த காலம் வரை எவராலும் மாற்றவியலாததாகவோ இருத்தல் அவசியம். மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதியோடு இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் காலத்துக்குக் காலம் நடைபெற வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் காக்கும் வழிகளுள் ஒன்றாக மறையாக்கத்தைக் குறிப்பிடுகின்றது. நோயாளியின் பதிவும் மாணவனின் பெறுபேறும் காணி உறுதியும் கணினிக்குள் செல்லும் இக்காலத்தில், சாவி எங்கே, கடைசி ஒத்திகை எப்போது என்ற இரு கேள்விகளுக்கும் ஒவ்வொரு நிறுவனத் தலைவரும் உடனடியாக விடைகூறக்கூடியவராக இருத்தல் வேண்டும்.